தலைவர் கல்லறையில் துப்ப வந்தவள்

நுவாகேகோ கல்லறையைக் கும்பிட வரவில்லை, அதன்மேல் துப்ப வந்தாள். அம்மா உகோயேவின் கடைசி ஆசை அது. வயிற்றில் கட்டி வந்து பாயோடு பாயாகக் கிடக்கிறவள், ஊட்டிய கஞ்சியைத் தள்ளிவிட்டு, "அந்த ஆளு கல்லறைல எனக்காக ஒரு தடவை காறித் துப்பிட்டு வாடி. அப்புறம்தான் எனக்கு உசுரு போகும்" என்றாள்.

காரணம் இருந்தது. நுவாகேகோவின் அப்பா ஒக்வுடிலி, நாட்டுத் தலைவருடைய கார் டிரைவர். உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் ஒரு கிராமத்து ரோட்டில் எதிரிகள் வழிமறித்துக் காரைக் கொளுத்தியதில் இரண்டு பேரும் கரிக்கட்டையானார்கள். செத்தவனைச் சொந்த முற்றத்தில் புதைக்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. ஆகவே ஓர் உடல் தலைவர் வீட்டு முற்றத்துக்குப் போனது, இன்னொன்று டிரைவர் வீட்டு முற்றத்துக்கு. தலைவருக்குப் பளிங்கும் பீரங்கி முழக்கமும் கிடைத்தன. டிரைவர் வீட்டை ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

உகோயே தினமும் இடித்த வள்ளிக்கிழங்கில் முதல் உருண்டையை முற்றத்துக் குழிமேட்டில் வைப்பாள். வைத்த கையோடு, பளிங்குக்குள் கிடக்கிறவனுக்கு மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவாள்.

இப்போது காட்சியகமாகிவிட்ட தலைவர் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற இஃபேயாடிக்கு வாய் ஓயாது. "அக்கா, செருப்பை வெளிய விடுங்க. இல்லன்னா தலைவர் கனவுல வந்து கேப்பாரு." கட்டிலைக் காட்டினான், புகைக்குழாயைக் காட்டினான். கார் படத்துக்கு முன்னால் நின்று குரலை உயர்த்தினான்.

"இவருக்கு வண்டி ஓட்டுற பைத்தியம். கிராமத்து ரோடு வந்தாப் போதும், டிரைவரைப் பின்னால உக்கார வச்சுட்டு இவரே ஓட்டுவாரு. டிரைவர் மாப்பிள்ளை மாதிரி கால்மேல கால் போட்டு வருவானாம்!"

கூட்டம் சிரித்தது. நுவாகேகோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தது ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கறுத்துப்போன செப்புக் காப்பு ஒன்று இருந்தது.

"எரிஞ்ச முகத்துல என்ன தெரியும்? பின் சீட்டுல இருந்தவருதான் தலைவர்னு ராணுவத்துக்காரங்க பிரிச்சாங்க. அவர் கையில கெடந்த காப்பு இது. தங்கம் போட வசதியிருந்தும் செம்பு போட்டாரு பாருங்க, அதுதான் எளிமை!"

தான் சொன்ன இரண்டு கதைகளும் முட்டிக்கொள்வது அவனுக்கு உறைக்கவில்லை. வருஷக்கணக்காக வந்து கைதட்டிப் போனவர்களுக்கும் உறைக்கவில்லை.

நுவாகேகோ கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். அப்பா அம்மா கல்யாணத்துக்காக ஒரே கம்பியைக் கோணலாக வெட்டி, இரண்டாக வளைத்த காப்பு. இதன் ஜோடி அம்மா கையில் இருக்கிறது. அந்தக் கோணல் வெட்டைத் தடவிக்கொண்டேதான் இவள் சின்ன வயதில் தூங்குவாள்.

பளிங்குக்கடியில் கிடப்பது அப்பா. அம்மா இத்தனை வருஷமாக முதல் உருண்டை வைத்தது தலைவருக்கு. சபித்தது சொந்தப் புருஷனை.

யாரிடம் போய்ச் சொல்வது? அப்பாவை வெளியே எடுக்க வேண்டுமானால் ஒரு நாட்டையே தோண்ட வேண்டும்.

கல்லறைக்கு முன்னால் நின்றபோது வாயில் எச்சில் சேர்ந்திருந்தது. விழுங்கினாள். மண்டியிட்டு, கன்னத்தைப் பளிங்கில் வைத்து, "அப்பா" என்று அழுதாள்.

இஃபேயாடிக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க அக்கா. தேசத்துக்கே அப்பாதானே!"

வாசலுக்கு வந்ததும் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் காதில் போனை வைத்துப் பிடித்திருக்க வேண்டும். மூச்சு இரைத்தது.

"துப்புனியாடி?"

"துப்பிட்டேம்மா."

"நல்லாக் காறி?"

"ஆமாம்மா."

"என் வயித்துல பால வார்த்தடி." கிழவி சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. "எனக்குக் குழி வெட்ட ஆள் வந்திருக்கு. உங்கப்பாவை ஒட்டியே வெட்டச் சொல்லிட்டேன். நடுவுல ஒரு சாண் மண்ணுகூட இருக்கக் கூடாதுன்னுட்டேன். சரிதானே?"

நுவாகேகோ தலைத்துணியின் தொங்கிய முனையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"சரிம்மா" என்றாள்.