யோசனைச் சீட்டில் நாலு நிமிடம்

...கையைத் தூக்கு, இறக்கு, வானொலி சொல்கிறது, தொமோமியும் தூக்கி இறக்குகிறாள், சட்டைப் பையில் யோசனைச் சீட்டு சரசரக்கிறது, தொழிற்சாலையின் இந்தக் காலை உடற்பயிற்சி முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும், கொடுப்பதா, சிரிப்பார்களோ என்று கிழிப்பதா? ஒப்பந்தம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். நல்ல யோசனை கொடுத்தால் நீட்டிப்புக்கு நான் பேசுகிறேன் என்று குழுத்தலைவர் ஹதானோ வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், அதை நம்பித்தானே இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள்... பாகங்களைப் பூட்டும்போது பிரிண்டரை மூன்று தடவை கவிழ்த்துத் திருப்புவதற்குப் பதில் அடிப்பக்க வேலையை முதலிலேயே முடித்துவிட்டால் பன்னிரண்டு நிமிட வேலை எட்டே நிமிடம். இது யாருக்கும் தோன்றவில்லை, இவளுக்குத் தோன்றியது! பத்தொன்பது வருஷம், பாகங்களைச் சுமந்து ஓடும் பட்டையின் முன்னால் நின்று நாலு திருகாணியைத் தவிர வேறெதுவும் அறியாதவளுக்கு. அப்போது நிரந்தர ஊழியர், தொப்பியில் நீலக்கோடு. பட்டையைப் பெயர்த்தார்கள், விருப்ப ஓய்வு என்றார்கள், யாருடைய விருப்பமோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆள் அனுப்பும் கம்பெனி வழியாக அதே வாசலில் மறுபடி நுழைந்தாள், மஞ்சள் கோடு, மூன்று மூன்று மாத ஒப்பந்தமாக இரண்டு வருஷம். ஆனாலும் பொய் சொல்வானேன், இந்த வேலைதான் பிடித்திருக்கிறது, முழு பிரிண்டரையும் தன் கையாலேயே பூட்டி முதல் தாள் வெளியே வந்தபோது கண் கலங்கிவிட்டது, அந்தப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது அப்படி ஆனதுண்டா?

இடுப்பை வளை. பக்கத்தில் ரிசா வளைகிறாள், அவளுக்கும் மஞ்சள் கோடு, அவளுக்கும் அதே பன்னிரண்டு நாள். மேசையைச் சுற்றி மூன்று பேர், ஆளுக்கொரு பிரிண்டர்... ஒவ்வொன்றிலும் நாலு நிமிடம் மிச்சமானால்... வளைந்தபடியே தொமோமி கணக்குப் போட்டாள், மறுபடியும் போட்டாள். இரண்டு பேர் போதும். இது ஏன் நேற்று உறைக்கவில்லை? ரிசாவுக்கு வயது இருபத்தாறு, கை வேகம். இவளுக்கு நாற்பத்தெட்டு. இன்னொருத்தி யூகோ, நீலக்கோடு, அவளை யார் தொடுவார்கள்?

இசை நின்றது. கிழித்துவிடலாம் என்றுதான் பைக்குள் கை விட்டாள், அதற்குள் ஹதானோ எதிரே வந்து, சீட்டா, கொடுங்கள் என்று கையை நீட்டிவிட்டார், மேலே இருப்பவர்களுக்கு மரியாதையாய் இரண்டு கையாலும் கொடுத்தே பழகியவள், கொடுத்துவிட்டாள். நின்றபடியே படித்தார், முகம் மலர்ந்தது.

"அருமைங்க, தொமோமி. இப்படி எழுதி வெச்சுட்டா யார் வந்தாலும் மூணு நாள்ல கத்துக்கலாமே."

"ரொம்ப நன்றிங்க," என்று குனிந்தாள். அவர் போனபிறகும் நிமிரவில்லை. ரிசா தோளைத் தொட்டு, வாங்கக்கா, மணி அடிச்சாச்சு என்றாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று தொமோமிக்குப் புரியவில்லை.