கொதிக்கவைப்பவள்

நேர்முகத் தேர்வுக்கு நான் எடுத்துக்கொண்ட சொல் 'ப்ரைட்'. மணமகள். ஏதாவது ஒரு சொல்லை வைத்துப் பாடம் நடத்திக் காட்டுங்கள் என்று கொச்சியில் உள்ள அந்த மொழிப் பள்ளி கேட்டிருந்தது. தேர்வு இணையத்தில்தான். திருப்புறத்தில் எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் மட்டும். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வேறு. வருகிறவர்களுக்கெல்லாம் அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதை இறக்கவேண்டியவளும் நான்தான்.

அரிசிச் சாக்குக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவே நின்று பாடம் எடுத்தேன். ஆங்கிலத்தில் ப்ரைட், ஜெர்மனில் ப்ரவுட், ஸ்வீடிஷில் ப்ரூட். எல்லாம் மணமகள்தான். ஆனால் பழைய கோதிக் மொழியில் இந்தக் குடும்பத்துச் சொல்லுக்கு மருமகள் என்று பொருள். அது லத்தீனுக்குள் நுழைந்து, பிரெஞ்சில் 'ப்ரு' என்றாகி, அங்கேயும் மருமகளாகவே நிற்கிறது. வேர் எது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. 'கொதிக்கவை' என்பதுதான் வேர் என்று சிலர் சொல்கிறார்கள். வந்த வீட்டில் குழம்பு கொதிக்கவைப்பவள் என்பதால் அந்தப் பெயராம்.

நான் இதைச் சொல்லி வாயை மூடவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. "ஜிஜா, மரச்சீனி அடிபிடிக்குது பிள்ளே!"

திரையில் இருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். வேலையும் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது, கொச்சியிலேயே தங்கவேண்டும், வருவதை இன்றைக்கே உறுதிசெய்யவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள்.

உதியன்குளங்கரையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் என் கணவன் நிஜின் அன்று சீக்கிரம் வந்திருந்தான். அவனிடம் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம்தான். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கூட்டம் முடியட்டு. அம்மையிட்ட நான் சொல்லுகேன்."

நெய்யாற்றின்கரைக் கல்லூரி வேலைக்கும் இதையேதான் சொன்னான். அது போயிற்று. நிஜின் நல்லவன், யார் மனதையும் நோகடிக்கமாட்டான். மதில்மேல் பூனையைக் கட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் குதிக்க முடியாமல் நானும் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை அவனை நம்பக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீடுகளில் நேருக்கு நேர் சொல்லமுடியாததை ஆண்டவர் வழியாகத்தான் சொல்வோம். கண் மூடியிருப்பதால் யார் முகத்தையும் பார்க்கவேண்டாம். இடையில் யாரும் குறுக்கே பேசமுடியாது. முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லியே ஆகவேண்டும். இதைவிட வசதியான சண்டை உலகத்தில் உண்டா?

முன்னறை நிறைந்துவிட்டது. மலையாளப் பாட்டு ஒன்று முடிந்ததும், சாட்சி சொல்ல, ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்ல, யாராவது உண்டா என்று எலியா உபதேசியார் கேட்டார். நான் எழுந்தேன்.

"கர்த்தர் எனக்கு ஒரு வேலை தந்திருக்காரு. கொச்சியில. திங்கட்கிழமை போணும். அதுக்காவ ஸ்தோத்திரம் சொல்லுகேன்."

"ஸ்தோத்திரம்!" என்றது முன்னறை முழுவதும். சாட்சியை எதிர்க்க எங்கள் சபையில் யாருக்கும் நாக்கு வராது. என் மாமி ஞானபாயும் ஸ்தோத்திரம் என்றாள். கொஞ்சம் பிந்தித்தான் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

மாமியை நான் சாதாரணமாக எண்ணிவிட்டேன். அடுத்ததாக ஜெபம் பண்ண எழுந்தது அவள்தான். ஜெபத்தில் அவள் தமிழ் வேதாகமத் தமிழாகிவிடும்; மனம் கலங்கினால் மட்டும் ஊர்த்தமிழ் எட்டிப்பார்க்கும்.

"கர்த்தாவே, உம்முடைய அடியாளுக்கு மகளாக நீர் தந்த இந்தப் பிள்ளைக்காக ஸ்தோத்திரம். வயசுகாலத்தில் அடியாளுக்கு ஒரு வாய் கஞ்சி தருவதற்கு ஆளில்லையே ஆண்டவரே. அவளுக்க மனசு இந்த வீட்டில நெலைக்கணும் அப்பா. எனக்க மவன் தனிச்சுப் போவாண்டாம் அப்பா."

அழுதாள். நாடகமில்லை, நிஜமாகவே அழுதாள். பக்கத்திலிருந்த பெண்களும் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நிஜினின் ஆமென்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது. என் சாட்சிக்கும் அவன் அதே சத்தத்தில்தான் ஸ்தோத்திரம் சொல்லியிருந்தான்.

"முடிவு ஜெபம் நிஜின் பண்ணட்டு," என்றார் உபதேசியார்.

அவன் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். அவளை நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தருளும் என்றால் நான் போகலாம். அவளை இங்கேயே வையும் என்றாலும், சண்டை போடவாவது ஒரு சுவர் கிடைக்கும்.

நிஜின் ஜெபித்தான். மழைக்காக, தேசத்துக்காக, ஆட்சியாளர்களுக்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்காக, சபைக் கட்டிட வேலைக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக. வந்திருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கச் சொன்னான். ஆமென் என்றான். என் பெயர் வரவேயில்லை.

சமையலறையில் நான் பாலில்லாத கட்டன்சாயா ஊற்றிக்கொண்டிருந்தபோது மாமி பின்னால் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் முதுகில் கை வைத்தாள்.

"ஒனக்கின்னு ஒரு வார்த்தை ஜெபிச்சானா அவன்?" என்றாள் மெதுவாக. "இவனுக்க அப்பனும் இப்பிடியாக்கும். ஊருக்கெல்லாம் ஜெபிப்பாரு. எனக்கு இல்ல. மொதல்ல வெசனமாட்டு இருக்கும். பெறவு பழகீரும் மக்கா."

அன்பாகத்தான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் நான் போகாமல் நின்றிருப்பேன். அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை அடைத்துவைத்திருப்பது இவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, இவளும் உள்ளேதான் இருந்திருக்கிறாள்.

"இத நீங்க கொண்டு குடுங்க மாமி," என்று தட்டை அவள் கையில் வைத்தேன். அவள் வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

சாமான் அறைக்குள் போய், திங்கட்கிழமை காலையில் அங்கே இருப்பேன் என்று பள்ளிக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகும் வெளியே வராமல் அரிசிச் சாக்கின்மேல் உட்கார்ந்தேன். இதைக் கேட்டால் நிஜின் என்ன சொல்வான் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லமாட்டான். போ என்றும் சொல்லமாட்டான், போகாதே என்றும் சொல்லமாட்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.