ஈச்சம்பாறையில் ஆள் இல்லை

பதினோரு கதவுகளும் கொடியால் கட்டிக் கிடக்கின்றன, வாசல் அடுப்பில் சாம்பல்கூட இல்லாமல் வழித்திருக்கிறது, கோழி இல்லை, நாய் இல்லை, பிலோமினா டீச்சர் நோட்டும் தார் டப்பாவுமாக வீடு வீடாகப் போகிறார், இருபத்திரண்டு வயது, புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது, இல்லை, இப்போது வயது எழுபத்தைந்து, உட்கார்ந்திருப்பது கோட்டாட்சியர் அலுவலக வராந்தா பெஞ்சில், பக்கத்தில் மாதி, ஈச்சம்பாறைக் குடியில் பிறந்தவள், மகளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தும் சாதிச் சான்று இல்லாமல் அல்லாடுகிறவள், இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும், ஈச்சம்பாறையில் உங்கள் ஆட்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார்களாம், அவள் எங்கெங்கோ விசாரித்து டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

பெருங்கானூர் வட்டம் என்று ஒன்று இருந்தது, இன்றைக்கு அது பழைய பத்திரங்களிலும் பஸ் கண்டக்டர் வாயிலும்தான் இருக்கிறது, பழைய தாலுகாபீஸ் எறங்கு என்பார், இறங்கினால் ஒரு செங்கல்லைக்கூடப் பார்க்க முடியாது, வட்டத்தைக் கலைத்துப் பாதியைக் கிழக்கேயும் பாதியை மேற்கேயும் சேர்க்கிறோம் என்று மேலே முடிவானதும், எந்த ஊரில் என்ன குடி, எத்தனை தலை என்று எழுதும் வேலை வழக்கம்போல வாத்தியார்கள் தலையில் விழுந்தது, டீச்சர் ஆசையாகத்தான் எழுதினார், குறும்பாடு மேய்க்கும் கன்னடக்காரர்கள், பருத்திக்காட்டு ரெட்டிமார், சந்தைமேட்டில் புளி வியாபாரம் பண்ணும் ராவுத்தர்கள், எல்லாரும் மோர் கொடுத்தார்கள், கூடவே பொய் வயதும் சொன்னார்கள், கடைசியாக மிஞ்சியது மலைமேல் ஈச்சம்பாறை, ஏறி வந்தால் எல்லாம் கட்டிய கதவுகள், ஆனால் ஓடைக்கு அக்கரையில், பாறை இடுக்கிலிருந்து புகை வருகிறது, அதை டீச்சர் பார்த்தார், பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்ச காலம் முயன்றிருக்கிறார், முடியவில்லை.

வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தண்ணீர் ஓரம் வந்து நின்று கூப்பிடுகிறாள், டீச்சரம்மா, பதினோரு வூடு, நாப்பத்திமூணு தலை, எங்க வூட்டுக்காரரு செத்துட்டாரு, அமாவாசை வரைக்கும் இக்கரைக்கு வரமாட்டோம். அது அவர்கள் வழக்கம், சாவு விழுந்தால் ஊரே வெளியேறிவிடும், செத்தவர் ஒவ்வொரு வீடாகப் போய் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும், உயிருள்ளவர்கள் குறுக்கே நிற்கக்கூடாது. அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. டீச்சரின் பையில் சொந்த ஊருக்கு மாற்றல் உத்தரவு இருந்தது, கணக்கு நோட்டை ஒப்படைத்தால்தான் விடுவிப்போம் என்று தாசில்தார் சொல்லியிருந்தார், ஆளை நேரில் பார்த்து எழுதவேண்டும் என்பது சட்டம், ஓடையைத் தாண்ட முழங்கால் தண்ணீர்தான், செருப்பைக் கழற்றினால் போதும், டீச்சர் கழற்றவில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு நம்பர் போட்டாகவேண்டும், பதினோரு கதவிலும் தாரால் போட்டார், நோட்டில் ஆள் இல்லை என்று எழுதினார், திரும்பிப் பார்க்காமல் மலையிறங்கினார். மனசு கேட்காமல் தலையாரியைப் பிடித்து, கணக்கில் விட்டுப்போனவர்கள் வந்து பதிந்துகொள்ளலாம் என்று மலையில் தண்டோரா போடச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார், யாரும் வரவில்லை என்று பிற்பாடு கடிதம் வந்தது, நான் சொல்லி அனுப்பினேன், அவர்கள்தான் வரவில்லை, இந்த ஒரு வாக்கியத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் தூங்கியாயிற்று. ஈச்சம்பாறை கிழக்குப் பட்டியலிலும் ஏறவில்லை, மேற்குப் பட்டியலிலும் ஏறவில்லை, ஆளில்லாத இடம் காட்டோடு போய்ச் சேர்ந்தது, இருந்தவர்களை இறக்கிவிட்டார்கள், செங்கல் சூளைக்குச் சிலர், காப்பித் தோட்டத்துக்குச் சிலர்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இளம்பெண், எழுந்து நின்று நாற்காலி காட்டினாள், டீச்சர் உட்காராமலே சொன்னார், நான் எழுதியது பொய்ம்மா, புகையைப் பார்த்தேன், இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு இவளுடைய அம்மா எண்ணிக்கை சொன்னாள், கேட்டுவிட்டுத்தான் ஆள் இல்லை என்று எழுதினேன். அதிகாரி பழுப்பேறிய நோட்டைத் திருப்பிக் காட்டினாள், கீழே டீச்சரின் கையெழுத்து, இளமையாக, அழகாக. அந்த நாப்பத்திமூணு பேர்ல ஒரு பேராவது தெரியுமாம்மா என்று கேட்டாள், டீச்சருக்குத் தெரியவில்லை, அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுத்துல இருக்கறதை வாய்ச்சொல் தள்ளாதும்மா, மேல அனுப்பறேன், இந்த மாசத்துக்குள்ள ஆகும்னு நம்பிக்கை வெச்சுக்காதீங்க என்றாள்.

வெளியே டீக்கடையில் மாதி இரண்டு டீ வாங்கிவந்தாள். ஐம்பது வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் கிடந்த கேள்வியை, கேட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று நினைத்து, டீச்சர் கேட்டார், தண்டோரா போட்டாங்களே மாதி, உங்கம்மா ஏன் வந்து பதியலை. மாதி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள், காதுல வுழுந்துச்சாம் டீச்சரம்மா, நாலு பேரு கெளம்பவும் செஞ்சாங்களாம், எங்கம்மாதான் மறிச்சிருக்கா, நம்ம கதவுல டீச்சரம்மா கையால நம்பர் போட்டிருக்குது, எண்ணாம நம்பர் போடுவாங்களா, வுட்டுப்போனவங்கதானே போவணும்னு. மழையில அந்தத் தாரு அழிஞ்சுடக்கூடாதுன்னு ஓலை கட்டி வெச்சிருந்தாளாம், சாவற வரைக்கும் அவளுக்கு அந்த வருத்தம், நான் மறிக்காம இருந்திருந்தா ஊரு இருந்திருக்கும்னு. மாதி கோபமாகச் சொல்லியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார், அவள் அதைத் தன் அம்மா செய்த தப்பாகத்தான் சொன்னாள், மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா, எங்களால உங்களுக்கும் அலைச்சல் என்றாள்.