சொல்லாமல் நழுவுவது

பலராமன் மூன்று பஸ் மாறி, ஐந்து வயது மகள் லீலாவோடு அந்தக் கடலோரக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மனைவி பாஞ்சாலி இறந்து ஆறு மாதம். அவன் ஷிப்ட்டுக்குப் போனால் பென்னலூர் வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. பாஞ்சாலியின் அக்கா மரகதம், தான் வளர்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தாள். விட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தான். லீலாவிடம் கடல் பார்க்க என்று மட்டும் சொல்லியிருந்தான்.

ஊருக்குக் கிழக்கே கரும்பாறைகள் வளைந்து அலையைத் தடுத்தன. உள்ளே முழங்காலளவுத் தண்ணீர், அசையாமல் கிடந்தது. ஊர்ப் பெண்கள் குழந்தைகளை அங்கேதான் இறக்கிவிடுவார்கள்.

லீலா ஏரிதான் பார்த்திருக்கிறாள்.

"எதிர்க்கரை எங்கப்பா?"

"இல்ல."

அவள் நம்பவில்லை. ஏரியில் குடிப்பதுபோல் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினாள்.

மரகதத்தின் கணவன் ரத்தினம் சிரித்தான். "இன்னா சகல, பொண்ணுக்கு எங்க ஊரு காப்பி புடிக்கல போலக்கீது."

சாயங்காலம் லீலா நண்டு வளை தோண்ட உட்கார்ந்தாள். மரகதம் அவனருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கடைசி பஸ்ஸு வர்ற நேரம் தம்பி. அது வெளாடிகினு கீது. அப்படியே நழுவிடுங்க. சொன்னா அழும்."

"தேடுமேக்கா."

"ரெண்டு நாளு தேடும். அப்பால மறந்துடும்."

பையை எடுத்துக்கொண்டு நடந்தான். சவுக்குத் தோப்பு தாண்டினால் ரோடு.

பாஞ்சாலியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது லீலா தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் எழுப்பவில்லை. பிறகும் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

தோப்பின் பாதியில் திரும்பினான்.

லீலாவின் எதிரே ஈர மணலில் உட்கார்ந்தான்.

"அப்பா வேலைக்குப் போவணும். நீ பெரியம்மாகிட்ட இருக்கப் போற. சனிக்கிழமை வந்துடுவேன்."

அவள் தோண்டுவதை நிறுத்தினாள். "அம்மாவும் வருமா?"

"வராது. அம்மா செத்துப்போச்சி."

கையிலிருந்த மணலைக் கீழே விட்டாள். பிறகு அழுதாள். பாறைப்பக்கம் வலை அலசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

மரகதம் ஓடிவந்தாள். "நான்தான் சொன்னேனே தம்பி, அழும்னு."

"அழட்டும்கா."

லீலா மணல் ஒட்டிய கையால் அவன் சட்டையைப் பிடித்திருந்தாள். தோப்புக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. கிளம்பும் சத்தமும் கேட்டது.

அவன் எழுந்திருக்கவில்லை.