காவமலை வாசலில் செத்தவர்கள்

காவமலை உச்சியில் ஓர் இடிந்த மதிலும், தூர்ந்துபோன சுனையும், வாசல் பாறையில் பதினான்கு வரிக் கல்வெட்டும்தான் கோட்டையென்று மிஞ்சியிருந்தன. சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிரிசில்லா 2009இல் அங்கே ஏறி, ஈரத்தாளைப் பாறையில் ஒற்றி, மை தட்டிப் படி எடுத்தாள். நாற்பது நாள் முற்றுகையில் தண்ணீர் தீர்ந்தும் வாசலை விடாமல் செத்த ஊர்க்காரர்கள் ஒன்பது பேரின் பெயர்கள் அதில் இருந்தன. நான்கைத்தான் அவளால் படிக்க முடிந்தது.

அடுத்த வருஷம் மலை கல் குவாரிக்குப் போனது. அவள் கடலூரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள்.

"அங்க கோட்டை இருக்குதுன்னு ரெக்கார்டுலயே இல்லியேம்மா" என்றார் ஓர் எழுத்தர்.

"கல்லுலயே எழுதியிருக்கு சார். வந்து பாருங்க."

யாரும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து அவளே போனாள். குவாரியில் துளை போடும் சின்னையன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"எழுத்துப் பாறையா? அது ஜல்லியாப் போயி ரெண்டு மாசம் ஆவுதும்மா. எங்கிட்ட யாரும் சொல்லல."

2009இல் எடுத்த புகைப்படங்களில் எழுத்து தெளியவில்லை. மிச்சம் அந்த மைப்படி ஒன்றுதான். கல்வெட்டு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர், பொங்கல் கழித்து அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அதற்குள் 'தானே' என்று பெயரிட்ட புயல் வந்தது. 2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடியலில், கடலூர் முதுநகரில் அவள் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிய்த்துக்கொண்டு போனது. மைப்படிச் சுருள் பீரோ மேல் இருந்தது. இடுப்பு முறிந்து படுத்திருந்த அம்மா சவரியம்மாள் கட்டிலில். பிரிசில்லா அம்மாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மாடிவீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது பீரோவில் கறுப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தாள் விரல் பட்ட இடமெல்லாம் கூழாய்ப் பிரிந்தது.

"என்னை விட்டுட்டு அதை எடுத்திருக்கலாமேடி" என்றாள் சவரியம்மாள்.

"சும்மா இரும்மா."

ஆய்வு நெறியாளர் தில்லைநாதன் அவள் ஆய்வேட்டின் காவமலை அத்தியாயத்தை வெகுநேரம் புரட்டினார்.

"பாறையும் இல்ல, படியும் இல்ல. உன் வார்த்தைய மட்டும் வச்சி யாரும்மா ஏத்துப்பாங்க?"

"நாலு பேரோட பேரு எனக்குத் தெரியும் சார்."

"தெரியும்ங்கறது ஆதாரம் ஆவாதேம்மா."

அவள் அத்தியாயத்தை நீக்கினாள்.

2012இல் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை மூடிவைத்துவிட்டு, "உங்க மாவட்டத்துல மலைக்கோட்டை எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

தில்லைநாதன் தலை குனிந்துகொண்டார்.

"இல்லைங்க சார்" என்றாள் பிரிசில்லா.