பெருவிரல் முடிச்சு

வீட்டில் கடைசி நாட்களைக் கழிக்கும் நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய வந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. முதுகு பிடித்துக்கொள்ளாமல் நோயாளியைத் தூக்குவது எப்படி, அழுகிறவர்களிடம் எதைப் பேசக்கூடாது, வீட்டுக்காரர்கள் பரிசு கொடுத்தால் வாங்கலாமா என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். செத்தவரைத் தொடலாமா என்று ஒருவரும் சொல்லவில்லை. பிஸ்கட் மட்டும் நன்றாக இருந்தது.

2014 குளிர்காலத்தில் என்னையும் புஷ்பவதி அக்காவையும் ஆக்லாந்து நகரின் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு திபெத்தியர் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஈப்போவில் பிறந்து, கல்யாணமாகி, இதே நகரின் பாட்டனி டவுன்ஸில் குடியேறியவள். அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். எங்கள் இருவரையும் பிடித்துப் போட்டதற்குக் காரணம் இருந்தது. நோயாளியான தோண்டுப் என்ற பெரியவருக்குத் தமிழ் தெரியும். சிறு வயதில் திபெத்திலிருந்து ஓடிவந்து, கர்நாடகத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்து, வருஷா வருஷம் மார்கழியில் திருச்சி நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவர். திருச்சி வெயிலில் ஸ்வெட்டர் விற்கத் தெரிந்தவர் எதையும் விற்றுவிடுவார்.

முதல் நாளே என் சட்டையைப் பார்த்து, "அம்மா, இது சரியில்ல. நம்ம சரக்கு நல்லா சூடா இருக்கும்" என்றார். புற்றுநோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. ஆனாலும் வியாபாரம் விடவில்லை. எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது.

அவருடைய ஒரே மகள் யாங்கி நியூ லின்னில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தாள். அவள் வேலைக்குப் போகும் பகல்களில் நாங்கள் இருப்போம். வாசல் வரை வந்து தினமும் ஒரே விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவாள். "ஏதாவது ஆனால் ஒன்றும் செய்யாதீர்கள். என்னைக் கூப்பிடுங்கள்." ஏன் என்று விளக்கமாட்டாள். ஹீட்டர் இருந்த ஒரே அறையில் அப்பா படுத்திருந்தார், வாசல் அவர் காதுக்கு எட்டும் தூரம். சாகப்போகிறவரை வைத்துக்கொண்டு சாவைப் பற்றிப் பேசுவதை எந்த வீட்டில்தான் செய்வார்கள்?

அக்கா அவரைக் கவனித்த விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கஞ்சியைத் துணியில் வடித்துக் கொடுப்பார். கால் குளிர்கிறது என்றால் உள்ளங்காலைத் தன் கைக்குள் வைத்துத் தேய்ப்பார். "உங்கட வீட்டுக்காரர் எங்க?" என்று அவர் ஒருநாள் அக்காவின் பேச்சைப் போலவே பேசிக் கேட்டபோது, "சுட்டுப் போட்டாங்கள் ஐயா. உடம்பும் தரேல்ல" என்றார் அக்கா. பெரியவர் அதன்பிறகு கேலி பேசவில்லை. அக்காவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூச்சு இழுத்து, நின்றுபோனது. சத்தமே இல்லை. வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் போன் பேச முடியாமல் நான் பின்கட்டுக்குப் போய் யாங்கியைக் கூப்பிட்டேன். "தொட்டீர்களா?" என்றாள் உடனே. "இல்லை" என்றேன். நான் சொன்னபோது அது உண்மையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உள்ளே வந்தால், அக்கா தன் வெள்ளைக் கைக்குட்டையை நீளமாகக் கிழித்து, பெரியவருடைய இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டி முடித்திருந்தார். முடிச்சை இறுக்கிவிட்டுப் பாதத்தில் கையை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கட்டுவோம்.

"ஒன்னும் செய்ய வேண்டாம்னு சொன்னாளே அக்கா" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

"நான் என்ன செய்தனான்? விரலைக் கட்டாமல் அப்பிடியே விடுறதே? ஆருமில்லாத ஆள் மாதிரி?"

யாங்கி ரயிலிலும் பஸ்ஸிலும் மாறி வந்து சேர வெகுநேரம் ஆனது. சமையலறை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள். அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யார் தொட்டது?"

"நான்தான், மகள்" என்றார் அக்கா. நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தார், பாவம்.

அழவும் இல்லை, கத்தவும் இல்லை. பள்ளிக்கூடப் பாடம் ஒப்பிப்பதுபோல் யாங்கி ஆங்கிலத்தில் சொன்னாள். மூச்சு நின்றாலும் உயிர் உடனே போய்விடாது. உள்ளேயே வழி தேடிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் முதலில் தொடுகிறோமோ அந்தப் பக்கமாகப் போய்விடும். உச்சந்தலையைத் தொட்டால் நல்ல பிறவி. அதனால் தலையைத்தான் முதலில் தொட வேண்டும், அதுவும் பிக்கு ஓதிய பிறகு. டாக்டரிடம்கூடப் பேசி வைத்திருந்தாள். மூன்று நாள் உடம்பை அசைக்காமல் வைத்திருக்க எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். "அப்பா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். நாடு கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை."

"காலைத் தொட்டால்?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கீழே" என்றாள். "மிருகமாக. இல்லாவிட்டால் அதற்கும் கீழே."

அக்காவுக்கு ஆங்கிலம் புரியும். கட்டிலை நோக்கி ஓடினார். "நான் அவிழ்த்துவிடுறன் பிள்ளை, இப்பவே அவிழ்க்கிறன்."

"வேண்டாம்!" அப்போதுதான் யாங்கி கத்தினாள். "அவிழ்ப்பதும் தொடுவதுதான்."

அக்கா நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றார். உடம்பு கெடாமலிருக்க யாங்கி எழுந்து ஹீட்டரை அணைத்தாள், ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். அறைக்குள் ஆக்லாந்துக் குளிர் வந்து நிறைந்தது. பிறகு கர்நாடகத்திலிருந்த பிக்குவை வைபரில் அழைத்து, போனை அப்பாவின் தலைமாட்டில் பிடித்தாள். ஓதுமுன் பிக்கு ஏதோ கேட்டார். யாங்கி முடிச்சைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். பிறகு அவர் ஓதத் தொடங்கினார். அந்தக் குரல் நடுவில் ஒருமுறை உடைந்தது எனக்கே கேட்டது.

எங்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரில் அக்கா பெல்ட்டைக்கூடப் போடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பயிற்சி கொடுத்தவர்கள்மேலா, சொல்லாமல் விட்ட யாங்கிமேலா, கிழித்த கைக்குட்டைமேலா?

"அக்கா, நீங்க அன்பாலதான் செஞ்சீங்க. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "ஷாமளா, என்ர அவருக்கு ஆரும் விரல் கட்டேல்ல. இவ்வளவு வருஷமா அதை நினைச்சு நினைச்சுத்தானே அழுதனான். இந்தப் பிள்ளை சொல்லுறது மெய்யெண்டால், அவர் நல்ல வழியாலதான் போயிருப்பார், என்ன?"

"ஆமா அக்கா" என்றேன் அவசரமாக. "கண்டிப்பா."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அன்றைக்கு முழுக்க நான் பார்த்த ஒரே தெளிவு அதுதான். காரைக் கிளப்பி, தெருமுனை சிக்னலில் நிறுத்தினேன். பச்சை விழுந்து நான் காலை அழுத்தப்போகும்போது அக்கா மெதுவாகச் சொன்னார்.

"இல்லை ஷாமளா. சுட்டு விழுத்திப்போட்டு, ஜீப்புக்கு இழுத்துக்கொண்டு போகேக்க, காலிலதான் பிடிச்சவங்கள்."