வலப்பக்கத்துப் பெட்டி

சின்னவள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். ஆனால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் போய் நின்றதும், இரண்டு ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயர் போர்டு வேண்டும் என்றுதான் கேட்டாள். கடைக்காரர் விவரமான ஆள். கேட்டதை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிற ரகம் இல்லை. வந்தவர் வாயைக் கிளறி, வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டப்பாவைத் திறப்பார்.

"என்ன ஸ்பீக்கர்ம்மா?"

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். பெட்டியின் முதுகில் எட்டு ஓம்ஸ் என்று அச்சடித்திருந்தது. அதற்கு மேலே அவள் அப்பா சாக்பீஸால் 'இடது' என்று எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது.

"சரி, இன்னொண்ணு?"

"அது எங்க அக்கா வீட்டுல இருக்கு."

"ஜோடியைப் பிரிச்சு வச்சிருக்கீங்களா? நல்லா இருக்கே கதை! அப்ப ஒத்தைச் சேனல் போர்டே போதுமே."

"இல்லங்க, ரெண்டு சேனல்தான் வேணும். ஞாயித்துக்கிழமை அதுவும் வந்துடும்."

சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. கடைக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு போர்டை எடுத்து வைத்தார். "அம்பது அம்பது வாட்டுன்னு போட்டிருக்கான். அதை அப்படியே நம்பிடாதீங்க. இருபத்திநாலு வோல்ட் கொடுத்தா, உங்க ஸ்பீக்கர்ல அதுல பாதி வரும். வீட்டுக்கு அதுவே தாராளம். ஆனா அடாப்டர் நல்லதா இருக்கணும். சோறு போடாம வேலை வாங்க முடியாது."

"அடாப்டர் வீட்டுல இருக்கு" என்று போர்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய இன்டர்நெட் டப்பாவோடு வந்த அடாப்டர் அலமாரியில் சும்மா கிடந்தது. முனை சரியாகப் பொருந்தியது. அது போதும் என்று நினைத்துவிட்டாள்.

அன்று மாலை பாட்டைப் போட்டால், மெதுவாக வைத்திருந்தவரை ஒழுங்காகப் பாடிய போர்டில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியதும் மத்தளம் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. அவள் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னடி இது, ஒவ்வொரு அடிக்கும் மயக்கம் போட்டு விழுது?"

மறுநாள் கடைக்குப் போனாள். கடைக்காரர் 'நான் அப்பவே சொன்னேனே' என்று வாயால் சொல்லவில்லை, முகத்தால் சொன்னார். இருபத்திநாலு வோல்ட், நாலு ஆம்பியர். செங்கல் கனத்தில் ஒரு அடாப்டர். அதைச் செருகியதும் போர்டு விளக்கு அசையாமல் நின்று எரிந்தது.

இவ்வளவு பாடும் எதற்காக என்று சொல்லிவிட வேண்டும். அம்மா இறந்த பிறகு வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அக்காளும் தங்கையும் சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் பெரியவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட கணக்கு டீச்சர். சின்னவள் வாரத்துக்கு ஒருநாள் வந்து போனவள். பாத்திரம் பிரிக்கிற நேரத்தில் ஏதோ பேச்சு வர, பெரியவள் சொல்லிவிட்டாள்: "விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனவளுக்கு என்ன தெரியும்?" அந்த ஒரு சொல் போதாதா? அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் எப்போதோ புகைந்து பழைய இரும்புக்குப் போயிருந்தது. மிச்சமிருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் நீயே வைத்துக்கொள் என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "ஆளுக்கு ஒத்தைச் செருப்பை எடுத்துட்டுப் போன மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர் சிரித்தார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒட்டியிருக்கலாம். ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், கை கழுவுகிற இடத்தில், பெரியவள் இவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சின்னவள் ரோஷத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் போய் "அக்கா" என்றாள். பெரியவள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். பெரியவள் கையை உதறிவிட்டு அந்தப் பக்கமாகவே நடந்து போய்விட்டாள். அன்றைக்கு மூடிய கதவுதான். மூன்று வருஷம் ஆகிறது.

போன வாரம் பெரியவளே போன் செய்தாள். வேலையை விட்டுவிட்டாளாம், சின்ன வீட்டுக்குப் போகிறாளாம். "அந்தப் பெட்டியை வைக்க இடமில்ல. வேணும்னா எடுத்துக்கோ." ஓய்வு பெற இன்னும் வருஷம் இருக்கிறதே, ஏன் விட்டாள் என்று கேட்க சின்னவளுக்கு வாய் வரவில்லை. "நீயே கொண்டு வாயேன். ரெண்டையும் சேர்த்து வச்சு ஒரு தடவை கேப்போம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து "சரி" என்று வந்தது.

கேட்கப் போவது எந்தப் பாட்டு என்று இரண்டு பேருக்குமே தெரியும். பழைய பதிவு. அந்தக் காலத்தில் குரலை முழுக்க ஒரு பக்கத்திலும் வாத்தியத்தை முழுக்க இன்னொரு பக்கத்திலும் வைத்துவிடுவார்கள். இடது பெட்டியில் வயலின், வலது பெட்டியில் குரல். குரல் பக்கம் யார் உட்காருவது என்று சிறுவயதில் அடிதடியே நடக்கும். ஜெயிப்பது எப்போதும் பெரியவள்தான். இப்போது சின்னவள் தன் ஒற்றைப் பெட்டியில் போட்டுப் பார்த்தாள். வயலின் வந்தது, மத்தளம் வந்தது. பாடுகிறவர் மட்டும் வரவில்லை. அக்கா வந்தால்தான் பாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள், படுக்கை விரிப்பில் சுற்றிய பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு. முடி நரைத்து, ஆளும் இளைத்திருந்தாள்.

"வாக்கா. பயணமெல்லாம் சௌகரியமா?"

பெரியவள் முகத்தை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "ம்" என்றாள். வந்த காலோடு முகத்தைத் திருப்புகிறாளே என்று சின்னவளுக்குச் சுருக்கென்றது. பொறுத்துக்கொண்டாள்.

அறை சின்னது. இரண்டு ஸ்டூல்கள், இரண்டு பெட்டிகள், நடுவில் பெரியவளுக்கு ஒரு நாற்காலி. வயரின் நுனியைச் சீவி, போர்டின் துளைகளில் நுழைத்து, திருகுகளை முறுக்கினாள் சின்னவள். பாட்டைப் போட்டாள். வயலின் எழுந்தது, குரல் வந்து சேர்ந்தது. சின்னவளுக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

பெரியவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். "பாட்டு எங்கடி? பக்கத்து வீட்டுல யாரோ பாடற மாதிரி இருக்கு. வயலின்தான் பெருசா கேக்குது."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றார் கதவோரம் நின்ற வீட்டுக்காரர்.

"உங்களுக்கு என்ன தெரியும், சும்மா இருங்க" என்றாள் சின்னவள். அவளுக்கும் நன்றாகத்தான் கேட்டது. ஆனால் அந்த வீட்டில் காது என்றால் பெரியவள் காதுதான். ஒரு தந்தி சுருதி இறங்கினால் அப்பாவுக்கு முன்னால் கண்டுபிடிப்பவள் அவள். அவள் குறை என்று சொன்னால் குறை இருக்கும்.

திருகுகளை மறுபடி முறுக்கினாள். அடாப்டரைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. பிறகு போர்டில் இரண்டு பக்க வயரையும் கழற்றி இடம் மாற்றினாள். இப்போது குரல் இடது பெட்டிக்கு வந்துவிட்டது, வயலின் வலதுக்குப் போய்விட்டது.

"இப்ப?"

"குரல் ஜோரா இருக்கு." பெரியவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "வயலின்தான் எங்கயோ போயிடுச்சு."

அப்படியானால் எது வந்தாலும் வலது பெட்டிதான் விழுங்குகிறது. "போர்டு சரியாத்தான் இருக்கு. உன் பெட்டிதான்க்கா பழுது" என்றாள் சின்னவள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. உன் பெட்டி, என் பெட்டி. மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றாயிற்று. பெரியவள் இப்போது பிடிபிடி என்று பிடிப்பாள் என்று காத்திருந்தாள்.

"ஆமா, என் பெட்டிதான் போச்சு. விடு" என்றாள் பெரியவள். "தூக்கிப் போட்டுடு."

சின்னவளுக்குத் திக்கென்றது. பிறந்ததிலிருந்து தன் பக்கம் தப்பு என்று ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளாதவள். சண்டை போட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அணைத்துக்கொண்டு வந்த பெட்டியைத் தூக்கிப் போடு என்கிறாளே.

"அதெப்படி போடறது? இரு."

"எதுக்குடி இப்ப? விடேன்."

சின்னவள் விடவில்லை. இரண்டு பெட்டிகளையும் ஸ்டூலிலிருந்து இறக்கி இடம் மாற்றினாள். தன் பெட்டியை வலப்பக்கம் வைத்தாள், அக்கா பெட்டியை இடப்பக்கம் வைத்தாள். மறுபடி பாட்டைப் போட்டாள்.

"இப்ப எந்தப் பக்கம் கம்மியா இருக்கு?"

பொய் சொல்லத் தெரியாத பிறவி பெரியவள். மடியில் கையைக் கோத்துக்கொண்டு, "வலதுதான்" என்றாள்.

வயரை மாற்றியாயிற்று, பெட்டியை மாற்றியாயிற்று. மாற்றாமல் மிச்சமிருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் மட்டும்தான்.

சின்னவள் வேலை பார்ப்பது காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம். வருகிறவர்களிடம் எந்தக் காது, எத்தனை நாளாக என்று கேட்டு உள்ளே அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. ஒரு காது போனவர்கள் நல்ல காதைக் கொடுப்பதற்காக முகத்தைத் திருப்புவதைத் தினமும் பார்க்கிறவள். வாசலில் அக்கா முகத்தைத் திருப்பியபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது, இது தோன்றவில்லை.

பாட்டை நிறுத்தினாள். மெல்லப் போய் அக்காவுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், நின்றாள்.

"அக்கா" என்றாள் தணிந்த குரலில்.

பெரியவள் திரும்பவில்லை. முன்னாலிருந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்தில் சின்னவள் நின்றதும் இதே பக்கம்தான். வீட்டுக்காரர் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

சின்னவள் சுற்றி வந்து அக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "எப்பலேர்ந்துக்கா?"

பெரியவள் முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா போன அடுத்த வருஷம்" என்றாள். "ஒருநாள் காலைல எழுந்தா இந்தப் பக்கம் சத்தமே இல்ல. சளியா இருக்கும்னு விட்டுட்டேன். பரீட்சை நேரம் வேற. ரெண்டு மாசம் கழிச்சுப் போனேன், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. ஒத்தைக் காதை வச்சுக்கிட்டு எத்தனை நாள் பாடம் நடத்தறது? பின்னாடி பெஞ்சுல பேசறது யாருன்னே தெரியாது. பசங்களுக்குக் கொண்டாட்டம்." சிரிக்கப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிடி சொல்றது? நாமதான் பேசிக்கலையே."

"அந்தக் கல்யாணத்துல உன்னைக் கூப்பிட்டேன். கை கழுவற இடத்துல. ரெண்டு தடவை கூப்பிட்டேன்."

பெரியவள் அவளையே வெறித்துப் பார்த்தாள். "கூப்பிட்டியா?" என்றாள். "நீ வந்து பேசுவேன்னுதான்டி அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன்."

பிறகு பெரியவளே கேட்டாள், யாரிடமும் கேட்காமல் பத்திரமாக வைத்திருந்த கேள்வியைப் போல.

"சீக்கிரம் போயிருந்தா சரியாகியிருக்குமாடி? நீதான் தினம் பாக்கறியே, உனக்குத் தெரியும்ல?"

தெரியும். இப்படி ஒரே ராத்திரியில் காது போனவர்கள் அந்த வாரமே ஓடி வந்தால், டாக்டர் மாத்திரை எழுதுவார். எல்லோருக்கும் இல்லை, ஆனால் எத்தனையோ பேருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அவர்கள் போகும்போது இவள் மேஜைக்கு முன்னால் நின்று, போனை அந்தக் காதில் வைத்துக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அன்று போன் செய்ய ஒரு தங்கை இருந்திருந்தால், அன்றைக்கே வரிசையில் முதல் ஆளாக உள்ளே அனுப்பியிருப்பாள்.

"இல்லக்கா" என்றாள் சின்னவள். "எப்ப போயிருந்தாலும் இதேதான்."

பெரியவள் நீளமாக மூச்சு விட்டாள். "நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன்" என்றாள்.

சின்னவள் எழுந்தாள். வலப்பக்கத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இடப்பக்கத்துப் பெட்டியின் மேலேயே ஏற்றி வைத்தாள். வயர் எட்டவில்லை, போர்டையும் அடாப்டரையும் சேர்த்து நகர்த்தினாள். அக்காவின் நாற்காலியை, அவள் உட்கார்ந்திருக்கும்போதே, நல்ல காது பெட்டிகளுக்கு நேராக வரும்படி திருப்பினாள். பாட்டைப் போட்டாள்.

"வருதாக்கா?"

"வருதுடி." பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டும் வருது."

சின்னவள் அவளுக்கு வலப்பக்கமாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அழுவது அக்காவுக்குக் கேட்காது.